பழைய காகிதத்தை வச்சு பழைய பூகம்பத்தை அளக்க முடியுமா?

கேட்டது இதுதான்: சீஸ்மோகிராஃப்னு, பூகம்ப அதிர்வை பதியற கருவி ஒழுங்கா வந்ததே 19ஆம் நூற்றாண்டு கடைசியிலதான், அப்புறம் எப்படி 1819 கட்ச் பூகம்பம் 7.7, 1897 ஷில்லாங் 8.1னு பாயிண்ட் வச்சு நம்பர் போடறாங்க, பழைய லெட்டரையும் டைரியையும் படிச்சுட்டு அடிச்சு விடறதுதானே இது, அப்படி இல்லன்னா ஏன் நம்பரை மாத்திக்கிட்டே இருக்காங்க. கூடவே 1505 இமயமலை பூகம்பம் பத்தியும், ஒரே பூகம்பத்துக்கு ரெண்டு நம்பர் பாத்தா எதை எடுத்துக்கறதுன்னும் கேட்டிருந்தீங்க.

அடிச்சு விடறது இல்லை. ஆனா உங்க சந்தேகம் நியாயமானதுதான், ஏன்னா இந்த வேலையில பாதி நேரம் முன்னாடி ஒருத்தர் அடிச்சு விட்டதை கண்டுபிடிச்சு கழிக்கறதுலயே போயிடும்.

முதல்ல ரெண்டு விஷயத்தை பிரிச்சுக்குவோம். மேக்னிட்யூட்ங்கறது பூமிக்குள்ள நடந்த உடைசல் எவ்வளவு பெருசுங்கறது, ஒரு பூகம்பத்துக்கு ஒரே நம்பர்தான். இன்டென்சிட்டிங்கறது ஒரு ஊர்ல எப்படி ஆடுச்சுங்கறது, அது ஊருக்கு ஊர் மாறும். கோயில் திருவிழா ஸ்பீக்கரை நினைச்சுக்கோங்க, ஆம்ப்ளிஃபையர்ல வச்ச வால்யூம் ஒண்ணுதான், பக்கத்து தெருவுல காது கிழியும், நாலு தெரு தள்ளி ஏதோ பாட்டு ஓடுதுனு மட்டும் தெரியும். பழைய காகிதத்துல நமக்கு கிடைக்கறது தெருவுல கேட்டது மட்டும்தான், அதுல இருந்து ஆம்ப்ளிஃபையர் வால்யூமை கணக்கு போடணும்.

அதுக்கு 1ல இருந்து 12 வரைக்கும் ஒரு படிவரிசை இருக்கு. தூங்கிட்டிருந்தவங்க முழிச்சுக்கிட்டாங்களா, தொங்கற விளக்கு ஆடுச்சா, காரை பேந்து விழுந்துச்சா, மண் சுவர் மட்டும் விழுந்துச்சா இல்ல நல்லா கட்டின கல் கட்டடமும் விழுந்துச்சா, இப்படி ஒவ்வொரு ஊர் பத்தி எழுதியிருக்கறதை படிச்சு அந்த ஊருக்கு ஒரு நம்பர் கொடுப்பாங்க. ஐம்பது நூறு ஊருக்கு நம்பர் கிடைச்சதும் மேப்ல போட்டு, கருவியில பதிவான இன்னைய பூகம்பத்தோட ஒப்பிடுவாங்க. அதுவும் அதே மாதிரி பாறை இருக்கற ஏரியாவுல நடந்ததோட ஒப்பிடணும், ஏன்னா கலிஃபோர்னியாவுல ஆட்டம் சீக்கிரமே அடங்கிடும், இந்திய தீபகற்பம் மாதிரி பழைய கெட்டியான பாறையில ரொம்ப தூரம் போகும் (2001 குஜராத் பூகம்பத்தை சென்னையில மாடி வீட்டுல இருந்தவங்க உணர்ந்தாங்க). இதுதான் முறை, இதுல பெரிய ரகசியம் எதுவும் இல்ல, கம்ப்யூட்டர்ல செஞ்சாலும் அடிப்படை இதேதான்.

சிக்கல் எல்லாம் அதுக்கு முன்னாடி, படிக்கறதுலதான் இருக்கு. காகிதம் எழுதினவன் யாரும் நமக்கு பூகம்பத்தை அளந்து கொடுக்கணும்னு எழுதல. வரி போச்சேன்னு எழுதியிருப்பான், சரக்கு போனதுக்கு நான் பொறுப்பில்லன்னு எழுதியிருப்பான், சாமி கோவிச்சுக்கிச்சுன்னு எழுதியிருப்பான். அவன் எதுக்காக எழுதினான்னு தெரியாம அதுல இருந்து நம்பர் எடுத்தா அவ்வளவுதான்.

இதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு சூப்பர் உதாரணம் இருக்கு. 1737 கல்கத்தா. ரொம்ப வருஷமா உலகத்துலயே அதிகம் பேரை கொன்ன பூகம்பங்கள்னு லிஸ்ட் போட்டா முதல் அஞ்சுக்குள்ள கல்கத்தா, 1737 அக்டோபர் 11, 3 லட்சம் பேர் சாவுன்னு இருக்கும். பாடப்புத்தகம், என்சைக்ளோபீடியா எல்லாத்துலயும். அப்போ லண்டனுக்கு போய் சேர்ந்து பத்திரிகையில வந்த செய்தியில புயலும் பூகம்பமும் சேர்ந்து வந்துச்சு, இங்கிலீஷ்காரங்க சர்ச்சோட பெரிய கோபுரம் உடையாமலே பூமிக்குள்ள இறங்கிடுச்சு, கங்கையில தண்ணி ஏகத்துக்கும் ஏறிடுச்சுன்னு எல்லாம் இருந்துச்சு. கேட்லாக் (பழைய பூகம்பங்களோட பட்டியல்) போடறவங்க அதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க, ஒருத்தரை பாத்து இன்னொருத்தர், இருநூறு வருஷம்.

1990கள்ல ரோஜர் பில்ஹாம்னு ஒரு ஆராய்ச்சியாளர், கொலராடோ யூனிவர்சிட்டி, இந்தியாவோட பழைய பூகம்பங்களை பத்தி எழுதினவங்கள்ல முக்கியமானவர், கிழக்கிந்திய கம்பெனி ரெக்கார்டை எல்லாம் எடுத்து படிச்சார். 1994ல பேப்பர் வந்துச்சு. கம்பெனி ஆளுங்க லண்டனுக்கு எழுதினதுல புயல் இருக்கு, வெள்ளம் இருக்கு, கூரை வீடு எல்லாம் போச்சுன்னு இருக்கு, நகரத்துல செத்தவங்க சுமார் 3000னு இருக்கு. பூகம்பத்தை காணோம். கப்பல்காரங்க எழுதினதுலயும் புயல்தான். அன்னைக்கு கல்கத்தா இருந்த சைஸுக்கு அங்க 3 லட்சம் பேர் சாக முடியாது, அவ்வளவு பேர் அங்க இல்லவே இல்ல. டெல்டா முழுக்க சேத்து எத்தனை பேர் செத்தாங்கங்கறது வேற கணக்கு, வங்காளத்துல புயல் வந்தா எவ்வளவு போகும்னு நமக்கு தெரியும், அதை நான் சின்னதா சொல்லல. ஆனா பூகம்ப லிஸ்ட்ல அதுக்கு இடமில்ல. அந்த இங்கிலீஷ்காரங்க சர்ச், செயின்ட் ஆன்ஸ், அதோட கோபுரம் விழுந்தது நிஜம், காத்துலயும் ஊறிப்போன மண்ணுலயும் விழுந்தது.

இதுல எனக்கு பிடிச்சது, கம்பெனிக்காரன் எழுதினதை நாம ஏன் நம்பலாம்ங்கறதுதான். அவன் நல்லவன்னு இல்ல. அவனுக்கு லண்டன்ல இருக்கற முதலாளிக்கு நஷ்டக்கணக்கு காட்டணும். கட்டடம் விழுந்ததுக்கு பூகம்பம்னு ஒரு காரணம் இருந்திருந்தா அதை விட்டுட்டு புயலை மட்டும் எழுதறதுக்கு அவனுக்கு ஒரு தேவையும் இல்ல. அதனால அந்த காகிதக் கட்டுல பூகம்பம் இல்லாததே ஒரு சாட்சி. "எழுதல"ங்கறது எப்பவுமே சாட்சி ஆகாது, எழுதியிருக்க வேண்டியவன் எழுதலன்னாதான் சாட்சி. (காலண்டரையும் பாத்துக்கணும், இங்கிலாந்து 1752 வரைக்கும் பழைய காலண்டர்ல இருந்துச்சு, 11 நாள் வித்தியாசம், அதனால செப்டம்பர் 30ம் அக்டோபர் 11ம் ஒரே நாள்தான். இந்த மாதிரி வித்தியாசத்தை கவனிக்காம ஒரே பூகம்பத்தை ரெண்டா எழுதின கேட்லாக்கும் உண்டு.)

அடுத்த பிரச்சினை, சத்தமா எழுதினவன் மட்டும் நம்ம கண்ணுல படறது. இதுக்கு அமெரிக்காவோட நியூ மாட்ரிட் பூகம்பங்கள்தான் சரியான கேஸ். 1811 டிசம்பர் 16, 1812 ஜனவரி 23, பிப்ரவரி 7னு மிசிசிப்பி ஆத்தோரம் மூணு பெரிய பூகம்பம். ஆறு கொஞ்ச நேரம் திரும்பி ஓடுச்சு, ரீல்ஃபுட்னு ஒரு ஏரியே உருவாச்சு, அதெல்லாம் நிஜம். 1990கள் வரைக்கும் இதுக்கு 8ஐ ஒட்டியும் அதுக்கு மேலயும் மேக்னிட்யூட் சொல்லிக்கிட்டிருந்தாங்க. பாஸ்டன்ல சர்ச் மணி தானா அடிச்சதுன்னு ஒரு கதை இன்னமும் ஓடுது. தேடிப்பாத்தா மணி அடிச்சது சவுத் கரோலினாவுல இருக்கற சார்ல்ஸ்டன்ல. ஊர் மாறுனா தூரம் மாறும், தூரம் மாறுனா மேக்னிட்யூட் ஏறும், அவ்வளவுதான் விஷயம்.

சூசன் ஹஃப்னு ஒரு விஞ்ஞானி அந்த கடிதம், பத்திரிகை எல்லாத்தையும் மறுபடியும் ஒண்ணொண்ணா படிச்சாங்க. அவங்க கவனிச்சது, அந்த காலத்துல அங்க குடியேறினவங்க எல்லாம் ஆத்தோரமாத்தான் இருந்தாங்க, வண்டல் மண்ணு, அதுல ஆட்டம் ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஆகும். அதாவது நமக்கு கிடைக்கற சாட்சி முழுக்க மோசமான மண்ணுமேல நின்னுக்கிட்டு எழுதினது. இதை அப்பவே ஒருத்தர் கவனிச்சிருக்கார், சின்சினாட்டியில டேனியல் டிரேக்னு ஒரு டாக்டர், ஒஹையோ ஆத்து பள்ளத்தாக்குல ஆடின அளவுக்கு பக்கத்து மேட்டுல ஆடலன்னு எழுதி வச்சிருக்கார். லூயிவில்ல ஜேரட் புரூக்ஸ்னு இன்னொருத்தர், பெண்டுலம் எல்லாம் தொங்க விட்டு, மார்ச் 15 வரைக்கும் 1,874 அதிர்வு எண்ணி, அதை ஆறு வகையா பிரிச்சு வச்சிருக்கார். கருவி இல்லாத காலத்துல ஒரு மனுஷன் தனியா உக்காந்து இதை செஞ்சிருக்கார், இன்னைக்கும் அது பயன்படுது.

மண்ணை கணக்குல எடுத்ததும் நம்பர் 7 சொச்சத்துக்கு இறங்கிடுச்சு. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களான்னா இல்ல, 7னு சொல்றவங்களும் 7.5னு சொல்றவங்களும் இன்னமும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. இது வெறும் பேப்பர் சண்டை இல்ல, அந்த பக்கத்துல இருக்கற மெம்ஃபிஸ் மாதிரி ஊர்ல கட்டடம் எவ்வளவு பலமா கட்டணும்னு முடிவாகறதுல இந்த நம்பருக்கு பங்கு இருக்கு.

பத்திரிகை செய்தி தூக்கலா இருக்கும்னு பொதுவா சொல்றது ஈஸி, எவ்வளவு தூக்கல்னு காட்டணும் இல்லையா. அதை 2001 குஜராத் பூகம்பத்தை வச்சுத்தான் பாத்தாங்க. பூகம்பம் வந்ததும் இந்தியா முழுக்க வந்த மீடியா செய்தியை மட்டும் வச்சு, பழைய பூகம்பத்துக்கு செய்யற மாதிரியே ஊர் ஊரா இன்டென்சிட்டி மேப் போட்டாங்க. இன்னொரு பக்கம் நேர்ல போய் சர்வே பண்ணின கணக்கு இருந்துச்சு. ஒப்பிட்டா மீடியா மேப் நல்லாவே தூக்கல். ஏன்னா நிருபர் விழுந்த வீட்டைத்தான் போட்டோ எடுப்பார், அதே தெருவுல விழாத நாப்பது வீடு செய்தியில வராது. இது தெரிஞ்சதும் 19ஆம் நூற்றாண்டு பத்திரிகையை படிக்கறப்போ எவ்வளவு கழிக்கணும்னு ஒரு கணக்கு கையில கிடைச்சிடுச்சு. இந்த துறையில நடந்த நல்ல வேலைகள்ல இது ஒண்ணுன்னு நான் சொல்லுவேன், பெருசா பேசப்படலன்னாலும்.

இப்போ நீங்க கேட்ட கட்சுக்கும் ஷில்லாங்குக்கும் வர்றேன். இந்த ரெண்டுலயும் கதை வேற, ஏன்னா இங்க வெறும் "ஆடுச்சு, விழுந்துச்சு"வை மட்டும் நம்பி இல்ல.

கட்ச் 1819 ஜூன் 16, சாயங்காலம். புஜ்ல ஆயிரக்கணக்குல வீடு போச்சு, அகமதாபாத் ஜும்மா மசூதியோட ஸ்தூபி ரெண்டும் விழுந்துச்சு. கட்ச்ல இருந்த கம்பெனி அதிகாரி மக்மர்டோ விவரமா எழுதி வச்சார். ஆனா முக்கியமானது ரண்ல, அதாவது கட்சுக்கு வடக்க இருக்கற உப்புச் சதுப்புல நடந்தது. சிந்த்ரினு ஒரு கோட்டை, சுங்கம் வசூலிக்கற இடம், அது தண்ணிக்குள்ள போச்சு, அங்க இருந்தவங்க கோபுரத்துமேல ஏறிக்கிட்டு மறுநாள் படகுல தப்பிச்சாங்க. அதுக்கு வடக்கால நிலம் மேல எழும்பி ஒரு நீளமான மேடு உருவாச்சு, அதுதான் அல்லா பண்ட். அலெக்சாண்டர் பர்ன்ஸ்னு ஒரு கம்பெனி அதிகாரி 1827, 28ல போய் பாத்து எழுதினார், 1844ல பேக்கர்னு ஒரு எஞ்சினியர் மேட்டுக்கு குறுக்க லெவல் எடுத்தார். பேக்கருக்கு பூகம்பத்தை பத்தி கவலையே இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா அவர் எடுத்தது வெறும் உயரக்கணக்கு. 150 வருஷம் கழிச்சு அந்த உயரக்கணக்கை வச்சு, கீழ பாறை எந்த சாய்வுல எத்தனை மீட்டர் நகர்ந்திருந்தா மேல இந்த வடிவம் வரும்னு பின்னாடி இருந்து கணக்கு போட்டாங்க. 7.7ங்கறது அங்க இருந்து வருது, கூட ஒரு ±0.2 (0.2 கூடவோ குறையவோ இருக்கலாம்னு அர்த்தம்) ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை யாரும் எடுத்து எழுதறது இல்ல.

ஷில்லாங் 1897 ஜூன் 12. இதுக்கு ஆர். டி. ஓல்டாம்னு ஒரு நிலவியலாளர் 1899ல எழுதின ரிப்போர்ட் உலகப்புகழ் பெற்றது, பூமிக்கு நடுவுல ஒரு கரு இருக்குன்னு 1906ல சொன்ன அதே ஓல்டாம்தான். ரொம்ப காலம் இதை 8.7னு சொல்லிக்கிட்டிருந்தாங்க, இமயமலைக்கு கீழ ஓடற பெரிய பிளவுலதான் உடைஞ்சிருக்கும்னும் நினைச்சாங்க. மாத்தினது எதுன்னா சர்வே டிபார்ட்மென்ட்டோட முக்கோண அளவை. 1860கள்ல அந்த பீடபூமியில குன்றுக்கு குன்று கோணம் எடுத்து மேப் போட்டிருந்தாங்க, பூகம்பத்துக்கு அப்புறம் திரும்ப எடுத்தாங்க. ரெண்டுத்துக்கும் வித்தியாசத்தை வச்சு பில்ஹாமும் ஃபிலிப் இங்லண்ட்னு இன்னொரு விஞ்ஞானியும் 2001ல காட்டினது, உடைஞ்சது ஷில்லாங் பீடபூமியோட வடக்கு ஓரத்துல வெளிய தெரியாம இருக்கற ஒரு பிளவு, நீளம் 110 கிலோமீட்டர் பக்கம், பீடபூமியோட வடக்கு விளிம்பு 11 மீட்டராவது மேல எழும்பியிருக்கு. அந்த பிளவுக்கு ஓல்டாம் பேரையே வச்சுட்டாங்க. மேக்னிட்யூட் 8.1. அப்புறம் ஆம்ப்ரசேஸ் (லண்டன் இம்பீரியல் காலேஜ், பழைய காகிதத்தை வச்சு பூகம்பம் ஆராயறதுல பெரிய தலை) பில்ஹாமோட சேர்ந்து ஓல்டாம் கொடுத்த இன்டென்சிட்டியை எல்லாம் திரும்ப மதிப்பிட்டார், அதுவும் இறங்கித்தான் வந்துச்சு.

8.7 இல்ல 8.1னா நல்ல செய்திதானேன்னு தோணும். அங்கதான் விஷயம் இருக்கு. 1897ல உடைஞ்சது இமயமலை பிளவு இல்லன்னா, பூட்டான் பக்கத்து இமயமலை அப்போ சேத்து வச்ச அழுத்தத்தை விடவே இல்லன்னு அர்த்தம். ஒரு ஊரோட ஆபத்து குறைஞ்சு இன்னொரு ஊரோட கணக்குல ஏறுது. அதனாலதான் பூட்டானோட பழைய நூல்களை தேட ஆரம்பிச்சு, கூடவே பள்ளம் வெட்டி மண் அடுக்கையும் பாத்து, 1714ல அங்க ஒரு பெரிய பூகம்பம் வந்திருக்குன்னு 2016ல எழுதினாங்க. அதுக்கு அவங்க கொடுத்த மேக்னிட்யூட் 8 ± 0.5. இந்த மாதிரி எழுதறவங்களைத்தான் நான் நம்புவேன்.

மறுஆய்வுன்னாலே நம்பரை குறைக்கறதுன்னு நினைச்சிடாதீங்க, இல்லவே இல்லைன்னு நினைச்சிட்டிருந்த பூகம்பமே காகிதத்துல இருந்து முளைச்சு வந்த கதையும் இருக்கு. தெரிஞ்சவங்க பொறுத்துக்கோங்க, இதை கொஞ்சம் விவரமா சொல்லப் போறேன்.

அமெரிக்காவோட வாஷிங்டன், ஓரிகன் கடற்கரை, கனடாவோட வான்கூவர் தீவு வரைக்கும், கடலுக்கடியில பூமியோட மேலோட்டுத் தட்டு ஒண்ணு இன்னொரு தட்டுக்கு கீழ போகுது. ஆனா வெள்ளைக்காரங்க அங்க குடியேறி எழுத ஆரம்பிச்ச காலத்துக்குள்ள பெரிய பூகம்பம் ஒண்ணுகூட வரல. 1980கள் வரைக்கும் அங்க பெரிசு வருமா வராதாங்கறதே சண்டையா இருந்துச்சு. 1987ல பிரையன் அட்வாட்டர்னு ஒரு நிலவியலாளர் அந்த கடற்கரை சதுப்புல நிலம் திடீர்னு கீழ இறங்கி, மேல மணல் வந்து மூடியிருக்கறதை காட்டினார். உப்புத்தண்ணி ஏறி செத்துப்போன செடார் மரங்கள் இன்னமும் நின்ன நிலையிலயே இருக்கு. அந்த மரங்களோட வேர்ல வளையத்தை எண்ணிப் பாத்ததுல கடைசி வளையம் 1699, அதாவது 1700 வசந்தத்துக்கு முன்னாடி செத்திருக்கு. எழுதி வைக்க அங்க யாரும் இல்லாததால தேதி தெரியாது.

ஜப்பான்ல எழுதி வச்சிருந்தாங்க. அங்க பூகம்பம் சுனாமி பத்தின பழைய குறிப்பை திரட்டறது நூறு வருஷத்துக்கு மேல நடக்கற வேலை. அந்த தொகுப்புல ஜப்பானோட பழைய காலண்டர்படி கென்ரோகு 12ஆம் வருஷம் 12ஆம் மாசம் 8ஆம் தேதி, நம்ம கணக்குக்கு 1700 ஜனவரி 27ல இருந்து 28க்குள்ள, பசிஃபிக் கடற்கரையில பல ஊர்ல கடல் ஏறினதா இருக்கு. முன்னாடி எந்த ஊர்லயும் பூமி ஆடல. தாய் இல்லாத பிள்ளை மாதிரி ஒரு சுனாமி.

யார் யார் எழுதியிருக்காங்கன்னு பாருங்க. குவாகசாகினு ஒரு மீனவ கிராமம், ராத்திரி தண்ணி வந்து 13 வீட்டை அடிச்சுட்டு போச்சு, கூடவே தீ புடிச்சு 20 வீடு எரிஞ்சுது. இது ஏன் எழுதப்பட்டுச்சுன்னா, நிர்க்கதியா நின்ன 159 பேருக்கு அரிசி கொடுக்கணும், குடிசை போட மரம் வெட்ட அனுமதி வேணும், அதுக்கு மேலிடத்துக்கு கணக்கு போகணும். நிவாரண ஃபைல். நாகாமினாதோ துறைமுகத்துகிட்ட 470 மூட்டை அரிசி ஏத்தின படகு, அலையால உள்ள வர முடியாம, வெளியவே மாட்டி கடைசியில பாறையில மோதி உடைஞ்சுது, ரெண்டு பேர் செத்தாங்க. இது ஏன் எழுதப்பட்டுச்சுன்னா, சரக்கு போனது படகுக்காரன் தப்பு இல்லன்னு உள்ளூர் அதிகாரிங்ககிட்ட சர்டிஃபிகேட் வாங்கணும். இன்ஷூரன்ஸ் கேஸ்னே வச்சுக்கோங்க. தனாபேங்கற ஊர்ல வயலும் சேமிப்புக்கிடங்கும் மூழ்கின கணக்கு. மிஹோங்கற ஊர்ல மட்டும் ஊர்த்தலைவர் தனக்காக எழுதியிருக்கார், காலையில கடல் ஏழு தடவை வந்து வந்து போச்சு, கிழவங்களையும் குழந்தைகளையும் கோயிலுக்கு அனுப்பினேன், பூகம்பமே வராம இது என்னன்னு புரியலன்னு. எனக்கு இந்த மனுஷனை ரொம்ப பிடிக்கும். தனக்கு புரியாததை புரியலன்னு எழுதினார், அதுக்கு ஒரு காரணத்தை கட்டி விடல. கடல் தெய்வம் கோவிச்சுக்கிச்சுன்னு எழுதியிருந்தா நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

1996ல கென்ஜி சதாகேனு ஒரு ஜப்பான் விஞ்ஞானியோட குழு இதை சேத்து வச்சு பாத்தாங்க. தென் அமெரிக்காவுல இருந்து வந்திருக்குமா, கம்சாட்காவா, அலாஸ்காவான்னு ஒவ்வொண்ணா கழிச்சு பாத்தா மிச்சம் இருக்கறது இந்த அமெரிக்க கடற்கரைதான், அங்கதான் மரமும் அதே குளிர்காலத்துல செத்திருக்கு. ஜப்பான்ல அலை வந்தது நள்ளிரவு, பசிஃபிக்கை தாண்ட சுமார் பத்து மணி நேரம், அதை கழிச்சா அமெரிக்க கரையில ஜனவரி 26 ராத்திரி ஒன்பது மணி வாக்குல. நாள் மட்டும் இல்ல, நேரமே கிடைச்சிடுச்சு. அப்புறம் அலை உயரத்தை வச்சு மேக்னிட்யூடும் போட்டாங்க, 2003ல வந்த கணக்குப்படி 8.7ல இருந்து 9.2க்குள்ள, கடற்கரை நெடுக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல உடைஞ்சிருக்கு. அங்க இருந்த பூர்வகுடிகள் சும்மா இருக்கல, வான்கூவர் தீவு பச்சீனா விரிகுடாவுல ஒரு குளிர்கால ராத்திரி பூமி ஆடி, அப்புறம் கடல் வந்து ஊரே போச்சுன்னு அவங்க தலைமுறை தலைமுறையா சொல்லிக்கிட்டுதான் இருந்தாங்க. எழுத்துல இல்லன்னு யாரும் காது கொடுக்கல, அதுதான் நடந்தது.

இன்னொரு பொறி சாவு எண்ணிக்கை. நிறைய பேர் செத்தா பெரிய பூகம்பம்னு நினைக்கத் தோணும். 1833 ஆகஸ்ட் 26 நேபாளத்துல 7.7 அளவுக்கு ஒண்ணு வந்துச்சு, செத்தவங்க 500க்கு உள்ள. காரணம் அதுக்கு முன்னாடி ரெண்டு அதிர்வு வந்து எல்லாரையும் பயந்து வெளிய ஓட வச்சிடுச்சு. அதே மாதிரி அதிகம் இடிஞ்ச இடம்தான் மையம்னும் இல்ல, 1934 பீகார் பூகம்பத்துல வடபீகார்ல ஒரு பெரிய பரப்புல மண்ணே கூழா போய் வீடெல்லாம் சாஞ்சு இறங்கினதால மையத்தை அங்க போட்டாங்க, நிஜத்துல அது கிழக்கு நேபாளத்துல, எவரெஸ்டுக்கு கொஞ்சம் தெக்கால. பின்னாடி அந்த நேபாள அடிவாரத்துல பள்ளம் வெட்டி பாத்தவங்களுக்கு 1934 உடைசலும் கிடைச்சுது, அதுக்கு கீழ 1255ல உடைஞ்ச தடமும் கிடைச்சுது. 1255ல காட்மாண்டுல மூணுல ஒரு பங்கு ஜனம் செத்து ராஜா அபய மல்லரும் போய் சேர்ந்தார்னு நேபாள வம்சாவளி (ராஜாக்களோட வரலாற்றுக் குறிப்பு) சொல்லிக்கிட்டிருந்தது, மிகைன்னு ஒதுக்காம இருந்தது நல்லதா போச்சு.

1505 பத்தியும் கேட்டிருந்தீங்க. அங்க ரெண்டு பூகம்பம் கலந்து போயிருந்துச்சு. பாபர் தன் குறிப்புல எழுதினது காபூல் பக்கத்துல ஜூலையில வந்தது, ஒரே நாள்ல 33 தடவை ஆடுச்சு, அப்புறம் ஒரு மாசம் ஆடிக்கிட்டே இருந்துச்சுன்னு. திபெத்திய நூல்கள் சொல்றது ஜூன்ல, நேபாளத்தோட முஸ்தாங், மேற்கு திபெத்தோட குகே பக்கம் மடங்கள் இடிஞ்சது. ஒரு மாச இடைவெளி, நடுவுல ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. ரெண்டையும் ஒண்ணா சேத்தா காபூல்ல இருந்து நேபாளம் வரைக்கும் உடைஞ்ச ஒரு ராட்சச பூகம்பம் கிடைக்கும், அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. பிரிச்சு பாத்தாலும் ஜூன்ல வந்தது பெருசுதான், ஆனா சேதம் எழுதியிருக்கற ஊர் கொஞ்சம்தான். அதனால "8க்கு மேல"ங்கறதை ஏத்துக்கறேன், 8.2ன்னோ 8.9ன்னோ யாராவது எழுதினா அந்த தசமத்தை கண்டுக்க மாட்டேன்.

நம்ம பக்கத்து உதாரணம் ஒண்ணு. 1881 டிசம்பர் 31 கார் நிக்கோபார்ல ஒரு பூகம்பம், மெட்ராஸ்லயும் உணர்ந்தாங்க. அப்போ சர்வே டிபார்ட்மென்ட் கப்பல் போக்குவரத்துக்காக துறைமுகங்கள்ல கடல்மட்டம் பதியற கருவி வச்சிருந்தாங்க, அதுல நாகப்பட்டினத்துல ஒரு மீட்டருக்கு கொஞ்சம் கூட, மெட்ராஸ்ல அதைவிட கம்மியா, சுனாமி அலை கோடு கோடா விழுந்திருக்கு. ஓர்டிஸ்னு ஒரு ஆராய்ச்சியாளரும் பில்ஹாமும் அந்த கோடுகளை திரும்ப எடுத்து கணக்கு போட்டு 7.9னு 2003ல பேப்பர் போட்டாங்க. அடுத்த வருஷம் டிசம்பர்ல நடந்தது எல்லாருக்கும் தெரியும், அப்போ டிவியில நம்ம கரைக்கு சுனாமி புதுசுன்னு பேசினவங்களுக்கு நாகப்பட்டினத்துலயே 123 வருஷத்துக்கு முன்னாடி பதிவான காகிதம் இருக்குன்னு தெரியாது.

கடைசியா உங்க நடைமுறை கேள்வி, ஒரே பூகம்பத்துக்கு ரெண்டு நம்பர் பாத்தா எதை எடுத்துக்கறது. புதுசா வந்ததுங்கறதுக்காக எடுத்துக்காதீங்க. எந்த ஊருக்கு எந்த ஆதாரத்தை வச்சு எந்த இன்டென்சிட்டி கொடுத்தாங்கன்னு பட்டியல் போட்டிருக்காங்களான்னு பாருங்க, ±னு போட்டிருக்காங்களான்னு பாருங்க, மூலத்தை படிச்சாங்களா இல்ல பழைய கேட்லாக்கை காட்டிட்டு போயிட்டாங்களான்னு பாருங்க. இணையத்துல சுத்தற "உலகின் கொடூர பூகம்பங்கள்" லிஸ்ட்ல கல்கத்தா 3 லட்சம் இருந்துச்சுன்னா அந்த லிஸ்ட்ல மத்த வரியையும் படிக்க வேண்டாம்.